பித்தளைச் சாவிக்குச் செத்து விழுந்த பேட்டை

டப்ளின் நகரத்தில் கொலைகாரச் சந்து என்று ஒரு சந்து இருந்தது. ஊரார் கேலிக்கு வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். அரசாங்கக் காகிதத்திலேயே ‘மர்டரிங் லேன்’ என்றுதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நகராட்சியாருக்குத் திடீரென்று கூச்சம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த விலாசத்தை எப்படி எழுதி அனுப்புவது என்று யாராவது பெண்ணைப் பெற்றவர் மனு கொடுத்தாரோ என்னவோ. கூடிப் பேசி, பெயரை மாற்றினார்கள். மாற்றி வைத்த பெயர் ‘க்ராம்வெல்ஸ் குவார்ட்டர்ஸ்’. க்ராம்வெல் என்றால் அயர்லாந்துக்காரனுக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வருவார்: 1649இல் படையோடு வந்திறங்கி ட்ராஹெடா ஊரை வெட்டிச் சாய்த்த ஆலிவர் க்ராம்வெல். அதுவரை மொட்டையாக இருந்த குற்றப்பத்திரிகையில் ஆள் பெயரைச் சேர்த்ததோடு சரி. பலகை இன்றைக்கும் தொங்குகிறது.

பக்கத்திலேயே ‘டர்ட்டி லேன்’ என்று ஓர் அழுக்குச் சந்து இருந்தது. இப்போது பிரிட்ஜ்ஃபுட் தெரு என்று முகம் கழுவி நிற்கிறது. ‘கட்பர்ஸ் ரோ’ என்று முடிச்சவிழ்க்கிகளுக்கென்றே ஒரு வரிசை இருந்தது. அதை இடித்தாயிற்று. முடிச்சவிழ்க்கிகள் எங்கே போனார்கள் என்பதற்குக் குறிப்பில்லை. நகராட்சிக்குள்ளேயே இடம் கொடுத்திருப்பார்கள் என்று அந்தக் காலத்து வரி கட்டியவர்கள் சந்தேகப்பட்டிருக்கலாம்.

லிஃபி ஆற்றுக்குத் தெற்கே, பழைய கோட்டை மதிலுக்கு மேற்கே பரந்து கிடக்கும் இந்தப் பேட்டைக்கு லிபர்ட்டீஸ் என்று பெயர். இது உண்டான கதையும் ஒரு கொலையில்தான் தொடங்குகிறது. 1170இல் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டை அவருடைய கோயிலுக்குள்ளேயே வைத்து வெட்டிப்போட்டார்கள். வெட்டியவர்கள் இரண்டாம் ஹென்றி அரசனின் ஆட்கள். ‘நான் எங்கே வெட்டச் சொன்னேன்?’ என்கிற தோரணையில் அரசன் கையை விரித்தான். எல்லாத் தலைவர்களும் விரிப்பதுதான். ஆனால் போப்பாண்டவர் விடுகிற வழியாக இல்லை. பாவத்தைக் கழுவ 1177இல் டப்ளின் மதிலுக்கு வெளியே புனித தாமஸ் பெயரில் ஒரு மடம் கட்டிக்கொடுத்தான். கொன்றவன் செலவில் செத்தவனுக்குக் கோயில். இடம் மட்டும் அயர்லாந்துக்காரனுடையது.

அந்த மடத்து நிலத்துக்குள் டப்ளின் மேயரின் செங்கோல் செல்லாது. மடத்துக்குத் தனி நீதிமன்றம், தனிச் சட்டதிட்டம், தனி வசூல். பிற்பாடு எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தபோது இந்த நிலம் 1545இல் வில்லியம் ப்ராபஸன் என்பவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு என்ன உத்தியோகம் என்றால், அயர்லாந்தின் கஜானாவைக் கவனித்துக்கொள்வது. கஜானாவைக் கவனித்துக்கொண்டவர் வீட்டுக்குச் சொத்து எந்த வழியாக வரும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய வாரிசுகள் மீத் பிரபுக்கள் ஆனார்கள். மீத் தெரு, ப்ராபஸன் தெரு என்று திரும்பிய பக்கமெல்லாம் குடும்பப் பெயர்தான்.

நகரத்துத் தொழிற்சங்கங்களின் கெடுபிடி பிடிக்காதவர்களுக்கு இந்த எல்லை வசதியாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்ட ஹ்யூகனாட் நெசவாளர்கள் வந்து தறி போட்டார்கள். பட்டு, கம்பளி, இரண்டும் கலந்த பாப்ளின். நெசவாளி என்றாலே சாது, தறியும் தானுமாக இருப்பான் என்று நாம் நினைப்போம். இவர்கள் அப்படியில்லை. ஆற்றுக்கு வடகரையில் ஆர்மண்ட் சந்தையின் கசாப்புக்காரர்கள் இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு முழுக்க இந்த இரண்டு கூட்டமும் பாலங்களைப் பிடிப்பதற்காக மாறி மாறி அடித்துக்கொண்டன. ஒரு பக்கம் ‘லிபர்ட்டி பாய்ஸ்’, இன்னொரு பக்கம் ‘ஆர்மண்ட் பாய்ஸ்’. என்ன சண்டை என்று கேட்டால் இரண்டு தரப்புக்கும் சரியாகத் தெரியாது. அவர்கள் அந்தக் கரை, நாங்கள் இந்தக் கரை; அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா?

கசாப்புக்காரன் கையில் என்ன இருக்கும் என்று தெரியுமல்லவா? எதிராளியின் குதிகால் நரம்பை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். பதிலுக்கு ஒருமுறை நெசவாளர்கள் சந்தைக்குள்ளேயே புகுந்து, தொங்கிய இறைச்சியை இறக்கிவிட்டு, கொக்கிகளில் கசாப்புக்காரர்களையே மாட்டிவிட்டுத் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். இந்த அழகான பொழுதுபோக்கில் டிரினிட்டி கல்லூரிப் பணக்காரப் பையன்களுக்கும் ஆசை வந்தது. அங்கியைச் சுருட்டிக்கொண்டு நெசவாளர் பக்கம் சேர்ந்தார்கள். சில பேர் பிடிபட்டார்கள். அவர்களைத் தாடையில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டதாக ஊரெல்லாம் ஒரே கூக்குரல். மீட்கப் போனவர்கள் பார்த்தபோது கொக்கி மாட்டியிருந்தது கால்சட்டையின் இடுப்புப் பட்டியில். தாடை அப்படியே இருந்தது, மானம்தான் போயிருந்தது.

இந்த அமளிக்கு நடுவே, செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாக 1713 முதல் 1745 வரை உட்கார்ந்திருந்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதினாரே, அவரேதான். பேட்டைக்குப் பொருத்தமான சாமியார். வறுமையைத் தீர்க்க ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களுக்குச் சமைத்துப் போடலாம் என்று 1729இல் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் யோசனை எழுதினார். அப்படி எழுதியவர்தான் நெசவாளர்களுக்கு ஐந்தும் பத்துமாகப் பவுண்டு கொடுத்து வட்டியில்லாமல் வாரத் தவணையில் வாங்கிக்கொண்டார். அவர் கவிதையில் கிழித்த ஒரு வக்கீல், ‘அந்தக் குருவின் காதை அறுக்கிறேன்’ என்று கத்தியோடு கிளம்பியபோது பேட்டைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் காவலுக்கு நின்றார்கள். கடன் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவனின் காதுக்குக் காவல் நின்ற சம்பவம் உலகத்தில் வேறு எங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கிரகணம் பார்க்க அவர் வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடி ஒரே கூச்சல். பொறுக்க முடியாமல் மணியடிப்பவனை அனுப்பி, ‘தலைமைக் குருவின் ஆணைப்படி கிரகணம் வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது’ என்று அறிவிக்கச் சொன்னாராம். கூட்டம் கலைந்து போனதாம். கடைசியில் தன் சொத்தை மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எழுதிவைத்தார். இந்தத் தேசத்துக்கு இதைவிட அவசியமான தர்மம் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். ஆஸ்பத்திரி 1757இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. எங்கே இருக்கிறது என்றால், நம்முடைய கொலைகாரச் சந்துக்குப் பக்கத்தில்.

ஸ்விஃப்ட் போய்ச் சேர்ந்து சில வருஷத்தில் பேட்டைக்கு வேறொரு தெய்வம் வந்தது. 1759இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் பாழடைந்து கிடந்த ஒரு மதுவடிசாலையைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு 45 பவுண்டு; குத்தகைக் காலம் 9,000 வருஷம். 10,759ஆம் ஆண்டில் குத்தகை முடியும்போது வீட்டுக்காரர் வந்து சுவரில் ஆணி அடித்ததற்கு முன்பணத்தில் கழித்துக்கொள்வார் என்று பயந்தார்களோ என்னவோ, பிற்பாடு நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

கின்னஸ் என்றால் இன்றைக்கு ஒரு கனவான் படம்தான் ஞாபகம் வரும். 1775இல் அவர் இழுக்கிற தண்ணீர் அளவுக்கு மேல் போகிறது என்று நகராட்சி ஆட்களை அனுப்பி வாய்க்காலை மூடச் சொன்னது. கின்னஸ் ஓடிவந்து ஒருவன் கையிலிருந்த குந்தாலியைப் பிடுங்கிக்கொண்டு, எழுதத் தகாத வார்த்தைகளில் வரவேற்றார். தண்ணீர்ச் சண்டை நமக்குப் புதிதில்லை. நம் தெருக்குழாயில் குடத்தால் அடித்துக்கொள்வார்கள், அங்கே குந்தாலி, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் தண்ணீர் கின்னஸுக்கே.

அப்புறம் நூறு வருஷத்தில் அது உலகத்திலேயே பெரிய மதுவடிசாலை ஆகிவிட்டது. கின்னஸில் வேலை கிடைத்தவன் பேட்டையில் ராஜா. நல்ல சம்பளம், வைத்தியம், ஓய்வூதியம், போதாததற்குத் தினமும் குடிக்க இலவசமாகக் கறுப்புப் பானம். செத்தாலும் விதவைக்குப் பணம் வரும். ஆகவே பெண்ணைப் பெற்ற டப்ளின் தாய்மார்கள், ‘கின்னஸ்காரன் இருந்தாலும் பணம், செத்தாலும் பணம்’ என்று மகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். மாப்பிள்ளைகளுக்கு இது காதில் விழுந்திருக்குமா, விழுந்த பிறகு மாமியார் வீட்டில் சூப் குடிக்க மனம் வந்திருக்குமா என்பது ஆராய்ச்சிக்குரியது.

பேட்டையைச் சுற்றிப் பவர்ஸ், ரோ, ஜேம்சன் என்று விஸ்கி வடிக்கும் ஆலைகளும் வரிசைகட்டி நின்றன. குடித்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். வடித்த முதலாளிகளில் பலர் புராட்டஸ்டன்ட்டுகள். கின்னஸ் வீட்டுப் பேரன் பெஞ்சமின் லீ கின்னஸ் 1860களில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தைத் தன் செலவில் புதுப்பித்தார். பார்த்தார் ஹென்றி ரோ. 1870களில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கொட்டி கிரைஸ்ட் சர்ச் தேவாலயத்தைப் புதுப்பித்தார். ஒரு கோயில் கறுப்பு பீரில் நின்றது, ஒரு கோயில் விஸ்கியில் நின்றது. திருப்பணிக்குக் காசு கொடுத்த ஏழைக் கத்தோலிக்கன் இரண்டு கோயிலிலும் கும்பிடப் போகமாட்டான். அவனுக்கு அது வேறு மதம்.

இனி நெருப்புக்கு வருவோம். பேட்டையின் மொத்தக் குணமும் தெரிய வேண்டுமானால் 1875 ஜூன் 18ஆம் தேதி ராத்திரியைப் பார்த்தால் போதும்.

ஆர்டீ தெருவில் மலோன் என்பவருடைய விஸ்கிக் கிடங்கு. அன்றைக்கு உள்ளே ஐயாயிரம் பீப்பாய்க்குக் குறையாமல் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். எட்டு மணி சுமாருக்குத் தீ. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. கொதிக்கிற விஸ்கி கதவிடுக்கு, ஜன்னல், சாக்கடை என்று கிடைத்த வழியெல்லாம் தெருவில் இறங்கியது. நீல நெருப்பு மேலே நடனமாட, இரண்டடி அகலம், அரையடி ஆழத்தில் சாராய ஆறு. அந்தக் காலத்து லிபர்ட்டீஸில் மாடிவீட்டுப் பின்கட்டில் பன்றி, குதிரை, மாடு எல்லாம் வளர்ப்பார்கள். பன்றிகள் கத்திய கத்தலில்தான் பாதிப் பேர் விழித்துத் தப்பித்தார்கள் என்று சொல்வது உண்டு. ஒரு வீட்டில் சாவு. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ராத்திரிக் காவல் நடந்துகொண்டிருந்தது. நெருப்பு வருகிறது என்றதும் பிணத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பொறுப்பான ஜனங்கள்.

அடுத்த காட்சியில்தான் பொறுப்பு கொஞ்சம் குறைந்தது. ஓடிப்போக வேண்டிய கூட்டம் ஓடவில்லை. ஊரே தலைமேல் எரிந்துகொண்டிருக்க, தொப்பியைக் கழற்றி மொண்டு குடித்தார்கள். தொப்பி இல்லாதவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஜக்கு, சட்டி, குடம், கையில் கிடைத்த பாத்திரம் எல்லாம் வந்தது. கிடங்கிலிருந்து நேராக வந்த சரக்கு, தண்ணீர் கலக்காதது, வழியில் குதிரைச் சாணம், சாக்கடை, தெருப்புழுதி என்று பேட்டையின் சகல மூலிகைகளும் கலந்தது.

தீயணைப்புப் படைத் தலைவர் கேப்டன் ஜேம்ஸ் இங்ரம் கெட்டிக்காரர். டப்ளினில் 1862இல் தீயணைப்புப் படை தொடங்கியபோதே அதன் தலைவர். அதற்கு முன் நியூயார்க்கில் நெருப்போடு பழகியவர். எரிகிற விஸ்கியில் தண்ணீரைப் பாய்ச்சினால் விஸ்கி மேலே மிதந்து நெருப்பை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அவருக்குத் தெரியும். முதலில் மணலும் சரளையும் கொட்டிப் பார்த்தார். அப்புறம், நகரத்துக் குப்பைமேட்டிலிருந்து குதிரைச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து தெருவுக்குக் குறுக்கே அணை கட்டினார். சாணி விஸ்கியை உறிஞ்சியது. ஆறு நின்றது. ஊர் பிழைத்தது. டப்ளினைக் காப்பாற்றியது குதிரையின் பின்பக்கம் என்று ஒரு சிலை வைத்திருக்க வேண்டும், ஏனோ வைக்கவில்லை.

செத்தவர்கள் பதின்மூன்று பேர். நெருப்பில் ஒருவர் சாகவில்லை, புகையில் ஒருவர் சாகவில்லை. பதின்மூன்று பேரும் குடித்தே செத்தார்கள். இன்னும் இருபத்துநாலு பேர் ஆஸ்பத்திரியில். சிரிப்பதா கூடாதா என்று எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பேட்டைக்காரர்களுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. நூற்றைம்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஒரு குவளைக்கும் கணக்குப் பார்த்துக் குடித்த ஜனங்களின் வாசலில் ஒரு ராத்திரி மட்டும் தெய்வம் ஆறாக ஓடியது. கும்பிடாமல் விடுவார்களா?

இப்படிப்பட்ட இடத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் புரட்சி செய்யக் கிளம்பியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1803 ஜூலை 23ஆம் தேதி ராபர்ட் எம்மெட் பச்சைச் சீருடை, வாள் சகிதம் தாமஸ் தெருவில் இறங்கினார். இருபத்தைந்து வயது, அருமையான பேச்சாளர். ஆயிரக்கணக்கில் ஆள் வருவதாகக் கணக்கு. கில்டேர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆயுதத்தைப் பார்த்துவிட்டு, ‘இதை வைத்தா?’ என்று திரும்பிப் போனார்கள். கிளம்பும்போது கூட நின்றவர்கள் நூறு பேரைத் தாண்டவில்லை. வழியில் மதுக்கடைகள் வேறு இருந்தன. சுதந்திரப் போர் சீக்கிரமே தெருக்கலவரமாக மாறி, அந்தப் பக்கம் வண்டியில் வந்த தலைமை நீதிபதி கில்வார்டன் பிரபு ஈட்டிக்குப் பலியானார். எம்மெட்டை செப்டம்பர் 20ஆம் தேதி அதே தெருவில், செயின்ட் கேத்தரின் தேவாலயத்தின் முன்னால் தூக்கில் போட்டுத் தலையை வெட்டினார்கள். எனக்கு எம்மெட்டைப் பிடிக்கும். அவர் போராட்டம் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. அவர் படம் அயர்லாந்து வீடுகளின் சுவரில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. உடலை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் பேட்டை இன்னும் மோசமாக நடந்துகொண்டது. ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலையைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கூடிநின்று வாயில் வந்தபடி வைதார்கள். கையில் கிடைத்ததை வீசினார்கள். காரணம் இருந்தது. அவர்களுடைய புருஷன்மார்களும் பிள்ளைகளும் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து பிரான்ஸில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு வாரப்படி தபாலாபீஸ் மூலம் வரும். கிளர்ச்சிக்காரர்கள் முதல் வேலையாகப் பிடித்த இடம் பெரிய தபாலாபீஸ். தேசம் பிறக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது. அதற்காக வாடகைக் காசை நிறுத்துவார்களா?

உள்ளே இருந்தவர்கள் பாடு வேறு. வாரம் முழுக்க பிஸ்கட்டும் கேக்கும் சாக்லேட்டும் தின்றுதின்று, ஒரு துண்டு சாதா ரொட்டிக்கு ஏங்கிப்போனார்கள். இன்னொரு பிரிவுக்குத் தலைவர் கான் கோல்பர்ட். சிகரெட் தொடாதவர், மது தொடாதவர். அவருக்கு முதலில் ஒதுக்கிய இடம் ஆர்டீ தெருவில் ஒரு மதுவடிசாலை. அது சரிப்படாமல் மாறிப்போன இடம் மாரோபோன் லேனில் ஜேம்சனின் விஸ்கி ஆலை. தலைமையில் யாரோ ஒரு குசும்புக்காரர் இருந்திருக்க வேண்டும். கோல்பர்ட்டின் ஆட்கள் விஸ்கிக்கு நடுவே ஒரு வாரம் நின்று போராடிச் சரணடைந்தார்கள். 1875இன் பேட்டைக்காரர்கள் யாரும் அந்தப் படையில் இல்லை என்பது தெளிவு. எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. கின்னஸ் லாரிகளில் ரயில் எஞ்சின் கொதிகலன்களை ஏற்றி, அதற்குள் சிப்பாய்களை உட்காரவைத்துக் கவச வண்டி செய்தது. விடுதலைப் போரிலும் இருபுறமும் சாராயமே துணை.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்குப் பேட்டையில் ஒரு கோயில் உண்டு: கூம் பிரசவ ஆஸ்பத்திரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பனியில் நடந்து போகையில் இரண்டு பெண்கள் வழியிலேயே இறந்துபோனார்கள். அதைக் கேட்ட மார்கரெட் பாயில் என்ற அம்மாள் முன்னின்று 1826இல் ஆரம்பித்துவைத்தது. இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேலி செய்யவும் மாட்டேன்.

மற்றபடி பேட்டை வாழ்க்கை ஒற்றை அறைக்குள் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் இருபதாயிரம் குடும்பங்கள் ஆளுக்கு ஓர் அறையில் குடியிருந்தன. முற்றத்தில் ஒரு குழாய், ஒரு கக்கூஸ், மொத்த மாடிக்கும் சேர்த்து. இவ்வளவு நெருக்கத்தில் ரகசியம் எப்படித் தங்கும்? திங்கட்கிழமை காலையில் அடகுக்கடையில் வரிசை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட புருஷனின் கோட்டு வாரம் முழுக்க அங்கே தூங்கும். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்கப்பட்டு, ஞாயிறு ஆண்டவரைத் தரிசித்து, திங்கள் மறுபடி உள்ளே போகும். தன்னுடைய கோட்டு வாரத்தில் ஐந்து நாள் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாத புருஷன்கள் பலபேர். புதன்கிழமை யாராவது செத்துத்தொலைத்தால்தான் சிக்கல்.

சாவென்றால் காவல் வேண்டும். காவலென்றால் கறுப்பு பீர், மூக்குப்பொடி, களிமண் சுங்கான் எல்லாம் வேண்டும். உயிரோடிருக்கையில் அந்த மனுஷனுக்கு அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. பேட்ரிக் தெருவும் கெவின் தெருவும் கூடுகிற நாற்சந்தியில் மூலைக்கு ஒன்றாக நாலு மதுக்கடைகள். ஊர் வைத்த பெயர் ‘நரகத்தின் நாலு மூலை’. ராத்திரி கடை மூடுகிற நேரத்தில் நாலு கடைக் கூட்டமும் நடுத்தெருவில் சந்திக்கும். போலீஸ்காரர்கள் சந்திப்பு முடிந்த பிறகு வருவார்கள். இத்தனைக்கும் செயின்ட் பேட்ரிக் தேவாலயம் கூப்பிடு தூரத்தில். கடைசியில் அந்த நரகத்தை ஒழித்தது பிரசங்கம் அல்ல, சாலை அகலப்படுத்தும் திட்டம்.

தெருவில் விற்கும் பெண்கள்தான் உண்மையான அரசாங்கம். பன்றிக்கால், மீன், பழைய துணி, பழம் எல்லாம் அவர்கள் கூடையில். கின்னஸ் வம்சத்து ஐவி பிரபு அவர்கள் மழையில் நனையக் கூடாது என்று பிரான்சிஸ் தெருவில் ஒரு சந்தைக் கட்டடம் கட்டி 1906இல் திறந்துவைத்தார். பழந்துணியைப் பேன் போகப் புகைபோட்டுச் சுத்தம் செய்ய அதில் தனி அறையே உண்டு. வாசல் வளைவுகளில் உலகத்து வியாபார இனங்களைக் குறிக்கும் முகங்களைச் செதுக்கினார்கள். அதில் ஒரு முகம் கண்ணடிக்கிறது. அது ஐவி பிரபுவேதான் என்று பேட்டையில் சொல்வார்கள். 1990களில் சந்தை மூடிக்கிடந்து, கட்டடம் யாருக்கு என்று இழுபறி வந்து, 2020 டிசம்பரில் இப்போதைய ஐவி பிரபு ஆட்களை அனுப்பிப் பூட்டை மாற்றினார். மூதாதை கண்ணடித்தது எதற்கு என்று நூறு வருஷம் கழித்துத் தெரிந்தது.

பேட்டைக்காரிகளில் மிகப் பிரபலமானவர் பிடி மல்லிகன் என்கிற கூம் பகுதி விதவை. ஒரே குறை, அவர் ஆண்பிள்ளை. ஜிம்மி ஓடே என்ற நகைச்சுவை நடிகர் பெண் வேஷம் போட்டு மேடையில் பிரபலமாக்கிய பாத்திரம் அது. நிஜமான வியாபாரிப் பெண்களை மேடையில் ஏற்றப் போதுமான தைரியம் எந்தக் கம்பெனிக்கும் இருந்திருக்காது.

பிரபுக்களுக்கும் புரட்சிக்காரர்களுக்கும் பேட்டை காட்டாத மரியாதையை யாருக்குக் காட்டியது என்று கேட்டால், கிறுக்கர்களுக்கு. கூம் ஆஸ்பத்திரி 1967இல் வேறிடம் போனது. பழைய கட்டடத்தில் முன்வாசல் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அதன் படிகளில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். மருத்துவர்கள் பெயராக இருக்கும் என்று குனிந்து படித்தால், ஜானி வெட் பிரெட், டாம் தி வெதர், ஸ்டாப் தி ராஷர். அதாவது நனைந்த ரொட்டி ஜானி, நாசமாய்ப் போற மழை, பன்றிக்கறியைக் குத்து. எல்லாம் தெருவில் திரிந்தவர்களின் பட்டப்பெயர்கள். பிறந்த ஊரிலேயே பட்டம் வாங்கியவர்கள்.

அந்தப் படியில் மூத்தவர் ஸோஸிமஸ். இயற்பெயர் மைக்கேல் மோரன். 1794 வாக்கில் ஃபேடில் ஆலி என்ற சந்தில் பிறந்து, பிறந்த இரண்டு வாரத்தில் நோயால் கண் போய், தெருப்பாட்டுப் பாடிப் பிழைத்தவர். எகிப்து மரியாளின் கதையை அவர் அடிக்கடி பாடுவார். அதில் வரும் ஸோஸிமஸ் என்ற துறவியின் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. கவிஞர் யேட்ஸ் அவரைப் பற்றி எழுதிய ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருத்தன் பந்தயம் கட்டிக்கொண்டு அவரைப் போலவே வேஷமிட்டு, அவருடைய இடத்தில் அவர் குரலில் பாடினான். தொப்பியில் காசு குவிந்தது. நிஜ ஸோஸிமஸ் வந்து, ‘அடேய், இவன் போலி’ என்று கத்தினார். போலி அதைவிட உருக்கமாக, ‘கண்ணில்லாதவனைக் கேலி செய்கிறானே, கேட்பாரில்லையா’ என்று அழுதான். கூட்டம் நிஜத்தைத்தான் வைது விரட்டியது. கடைசியில் வேஷக்காரன் குட்டை உடைத்து, கொஞ்சம் காசைக் கிழவர் கையில் திணித்துவிட்டுப் போனான். 1846இல் சாகும்போது ஸோஸிமஸுக்கு இருந்த ஒரே பயம், பிணத் திருடர்கள் தன்னைத் தோண்டி எடுத்து வைத்தியக் கல்லூரிக்கு விற்றுவிடுவார்கள் என்பது. ஆகவே காவல் பலமாக இருந்த கிளாஸ்நெவின் இடுகாட்டில் புதைத்தார்கள்.

அடுத்தவர் எண்டிமியன். வெயில் நாளில் குடையை விரித்துக்கொண்டும் மழையில் மடக்கிக்கொண்டும் நடப்பார். கையில் வாள், தூண்டில். துறைமுக ஆபீஸ் கடிகாரத்துக்கு முன்னால் நின்று வாளை உருவி சல்யூட் வைப்பார். சட்டைக்குள்ளிருந்து ஓர் அலாரம் கடிகாரத்தை எடுத்து நேரம் சரி செய்வார். பிறகு திசைகாட்டியைப் பார்த்து வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார். ஒருகாலத்தில் கின்னஸ் தொட்டிக்குள் விழுந்த ஒருவனைக் காப்பாற்றப்போய் அதன் ஆவியில் மூளை கலங்கிவிட்டது என்பது ஊர்க்கதை. ஜேம்ஸ் ஜாய்ஸ் ‘யுலிசீஸ்’ நாவலில் அவரை அப்படியே நடக்கவிட்டார். ‘நாற்பது கோட்டு’ ஜானி இன்னொருவர். அத்தனை கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது என்பது மிகை. அடகுக்கடைப் பக்கமே போகாத ஒரே ஆண்பிள்ளை என்பதுதான் அவருடைய கிறுக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் எல்லாருக்கும் ராஜா ‘பேங் பேங்’. தாமஸ் டட்லி, 1906இல் பிறந்தவர், அநாதை விடுதியில் வளர்ந்தவர், லிபர்ட்டீஸில் மில் தெருவில் குடியிருந்தவர். கௌபாய் சினிமா என்றால் உயிர். சினிமா முடிந்து வெளியே வந்த பிறகும் அவருக்கு மட்டும் படம் முடியவில்லை. கையில் தேவாலயக் கதவுக்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய பித்தளைச் சாவி. தொடையைத் தட்டிக் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, ஓடுகிற பஸ்ஸின் பின்படியில் தாவி ஏறி, சாவியை நீட்டி, ‘பேங்! பேங்!’ யாரைக் குறிபார்த்தாரோ அவர் சாக வேண்டும். செத்தார்கள். நடத்துனர் பையைப் பிடித்தபடி கம்பியில் சரிவார். ஆபீஸ் போகிற குமாஸ்தா செய்தித்தாளோடு சீட்டுக்குக் கீழே பதுங்கித் திருப்பிச் சுடுவார். காய்கறிக்காரி கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒரு தெருவே ஐந்து நிமிஷம் யுத்தகளமாகி, பிறகு உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகும்.

1930களிலிருந்து மாடிவீடுகளைக் காலி செய்து, ஜனங்களை க்ரம்லின், ட்ரிம்னா பக்கம் புதிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். தனிக் குழாய், தனிக் கக்கூஸ், அரட்டைக்கு ஆள் கிடையாது. மீன் வாங்க என்று சாக்கு வைத்து மீத் தெருவுக்கு பஸ் ஏறி வந்தவர்களைப் பேங் பேங் வரவேற்றுச் சுட்டுக்கொன்றார். பேட்டையின் எல்லை எது என்று நகராட்சிக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் பார்வை மங்கியது. ட்ரம்காண்ட்ராவில் பார்வையற்றோர் இல்லத்தில் சேர்த்தார்கள். 1981இல் இறந்தார். புதைத்த இடத்தில் 2017 வரை பெயர்ப்பலகைகூட இல்லை. பிறகு ஜனங்கள் காசு போட்டு வைத்தார்கள். பித்தளைச் சாவி மட்டும் பியர்ஸ் தெருவில் டப்ளின் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆவணத் தொகுப்பிலேயே பழையது, நகரத்தைத் தன் பிரிஸ்டல் ஆட்களுக்குத் தாரைவார்த்து இரண்டாம் ஹென்றி அரசன் எழுதிக்கொடுத்த தோல் பட்டயம். பட்டயத்தின் பேரால் எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது சரித்திர ஆசிரியர்கள் வேலை. சாவியால் செத்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து, தவறவிட்ட நிறுத்தத்துக்கு நடத்துனரோடு சண்டை போட்டுவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.